போனில் பார்த்த அழகை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? குமரி மாவட்டத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குளச்சலில் இருக்கும் என் மைனி ஒரு படத்தைக் காட்டித்தான் அந்தக் கம்பி அலமாரியைச் செய்யச் சொன்னார். கறுப்பு இரும்புச் சட்டம், இடையிடையே மரப்பலகை, மேலே நாலைந்து செடித்தொட்டி. பின்ட்ரெஸ்டில் ஏராளமான பேர் சேமித்து வைத்திருந்த படம். சித்திரையில் வந்து இறங்கிய அலமாரிக்கு ஓணத்துக்குள் கால்பக்கம் முழுக்கத் துரு. கடல் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். வெள்ளைச் சுவரில் துரு வடிந்து கோடு விழுந்திருந்தது. "படத்துல எவ்வளவு நல்லா இருந்துச்சு பிள்ளே" என்று மைனி சொன்னபோது எனக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஏனென்றால் தக்கலைப் பக்கம் இருக்கிற என் வீட்டிலும் அதே வருஷம்தான் எம்.டி.எஃப். பலகையில் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்வது) செய்த புத்தக அலமாரி மழைக்காலத்தில் ஊதி, கதவு மூடாமல் போனது.

அதற்காகப் படம் பார்ப்பதை நாங்கள் விடவில்லை. பார்க்கிற முறையை மாற்றினோம். இணையத்தில் சுற்றுகிற படங்களில் நம் வீட்டுக்கு உதவுகிற விஷயம் நிறைய இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் படத்தில் தெரிகிற பொருளாக இருப்பதில்லை. எது நம்மை இழுத்தது என்று பிரித்தெடுத்து, அதை நம் ஊர்ப் பொருளில், நம் ஊர் மழைக்குத் தாங்குகிற மாதிரி செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் வீட்டைப் படம் எடுங்கள்

பிறர் வீட்டுப் படங்களைத் தேடுவதற்கு முன்னால், மாற்ற நினைக்கும் அறையை ஒரே இடத்தில் நின்று காலை எட்டு மணிக்கும், நண்பகலிலும், மாலை ஐந்துக்கும், இரவு விளக்குப் போட்ட பிறகும் எடுங்கள். இந்த நாலு படமும்தான் பிறகு எல்லாவற்றுக்கும் அளவுகோல். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாதது படத்தில் தெரியும். என் அறையில் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஈரம் ஏறியிருந்ததைப் படத்தில்தான் முதலில் பார்த்தேன்.

வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டம் வடக்கு அட்சரேகை 8 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதனால் பங்குனிக் கடைசியிலிருந்து ஆவணிப் பாதி வரை உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாய்கிறது, மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். வைகாசியில் வெயில் விழாத ஜன்னலில் மார்கழியில் விழும். திரைச்சீலையும் சோபாவும் எங்கே என்று முடிவு செய்ய இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் டேப்பை எடுத்து அளவு. அறையின் நீளம், அகலம், உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சுவிட்ச் போர்டு எங்கே, பிளக் எங்கே. கணக்கு நோட்டில் ஒரு கட்டத்தை ஒரு அடி என்று வைத்து வரைந்தால் போதும்.

2. உருட்டிப் பார்க்காமல் தேடிப் பாருங்கள்

பின்ட்ரெஸ்ட், இன்ஸ்டாகிராம் இரண்டும் 2010-ல் வந்தவை. இரண்டிலும் நீங்கள் எதன் மேல் கொஞ்ச நேரம் நிற்கிறீர்களோ அதைப் போன்றதையே மறுபடி மறுபடி கொண்டுவந்து காட்டுவார்கள். நாலு நாள் பழுப்பு, வெள்ளை அறைகளைப் பார்த்தால், உலகத்திலுள்ள வீடெல்லாம் பழுப்பும் வெள்ளையும்தான் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். அதோடு, பரவலாகப் போகிற படம் பெரும்பாலும் கையகலத் திரையில் எடுப்பாகத் தெரிகிற படம். ஒரே ஒரு பெரிய பொருள், ஒரு பக்கத்து வெளிச்சம், சுற்றிலும் வெற்றிடம். அந்த அறையில் துணி எங்கே காய்கிறது, மிக்சி எங்கே இருக்கிறது என்பது படத்துக்கு வெளியே. பலருக்குப் பிடித்த படத்திலிருந்து கண்ணுக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். குடியிருக்க எது வசதி என்பதை அதில் தேட வேண்டாம்.

எனவே பின்ட்ரெஸ்டில் வீட்டுக்கென்று தனியாக ஒரு போர்டு, அதாவது பிடித்த படங்களைச் சேர்த்து வைக்கும் பக்கம், தொடங்குங்கள். தேடும்போது பாணியின் பெயரைப் போடாமல் தட்பவெப்பத்தைப் போடுங்கள். ஸ்காண்டிநேவியன், ஜப்பாண்டி (ஜப்பான் பாணியும் ஸ்காண்டிநேவியப் பாணியும் கலந்தது) என்று தேடினால் வருகிற வீடுகள் குளிர்கால வெளிச்சம் குறைந்த நாடுகளை மனதில் வைத்தவை. அங்கே சுவரை வெள்ளையாக்குவதும், ஜன்னலைத் திறந்த கண்ணாடியாக விடுவதும் கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் உள்ளே பிடித்து வைக்கத்தான். நமக்கோ வெயிலை வெளியே நிறுத்தி, காற்றை மட்டும் உள்ளே விட வேண்டும். அதே அமைப்பை இங்கே செய்தால் கண் கூசும், அறை கொதிக்கும்.

'கேரளா நாலுகெட்டு', 'டிராபிக்கல் மாடர்னிசம்', 'ஸ்ரீலங்கா ஹவுஸ்', 'ரெட் ஆக்சைடு ஃப்ளோர்', 'வெராண்டா' என்று ஆங்கில எழுத்தில் தேடிப் பாருங்கள். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) கட்டிய வீடுகளின் படங்கள் நிறையக் கிடைக்கும். கொழும்பும் நம்மைப் போலவே மழையும் புழுக்கமும் கடல்காற்றும் உள்ள ஊர். அவர் நடுமுற்றத்தை வைத்து வெளிச்சத்தை உள்ளே இறக்கிய விதம் நம் வீட்டுக்கு அப்படியே பொருந்தும். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கரின் (1917–2007) செங்கல் வேலைகளும் அப்படித்தான். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர் வழியாக வெளிச்சம் துண்டு துண்டாக விழுகிற படங்களை நான் ஒரு தனிப் போர்டாகவே வைத்திருக்கிறேன். தம்பானூரில் அவர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸுக்குள் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் பத்துப் படம் பார்த்ததை விட நன்றாகப் புரியும்.

பிடிக்காத மாதிரிப் படம் வந்தால் 'விருப்பமில்லை' என்பதைத் தட்டிவிடுங்கள். சில நாளில் வருகிற படங்கள் மாறும்.

3. ஒரு வாரம் கழித்துப் பாதியை நீக்குங்கள்

சேமிக்கும்போது யோசிக்க வேண்டாம், பிடித்ததை எல்லாம் சேமியுங்கள். ஒரு வாரம் தொடாமல் விட்டுவிட்டு மொத்தமாகத் திறந்து பாருங்கள். மறுபடி பார்க்கையில் எதுவும் தோன்றாத படங்களை நீக்குங்கள். மிஞ்சியவற்றில் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதுங்கள்: 'இதில் என்னை இழுத்தது எது?'

இந்த ஒரு வரிதான் முழு வேலையிலும் முக்கியம், அவசரப்படாதீர்கள். 'சோபா நல்லா இருக்கு' என்று எழுதினால் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். சோபாவா, அதன் நிறமா, அதற்குப் பின்னால் சுவர் காலியாக இருப்பதா? மைனியின் கம்பி அலமாரிப் படத்தை நாங்கள் இருவரும் உட்கார்ந்து மறுபடி பார்த்தோம். கம்பியைக் கையால் மறைத்துப் பார்த்தபோதும் படம் அழகாகவே இருந்தது. செடியை மறைத்தபோது ஒன்றுமே இல்லை. மைனிக்குப் பிடித்தது, கண் உயரத்தில் பச்சை இலைகள் சுவரில் நிழல் விழுத்தி நின்றதுதான். அதற்கு இரும்பு தேவையே இல்லை. கையால் ஒவ்வொரு பகுதியாக மறைத்துப் பார்ப்பது எளிய வழி, நீங்களும் செய்து பாருங்கள்.

பத்துப் பன்னிரண்டு படத்துக்கு எழுதி முடித்ததும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். எனக்கு எட்டுப் படத்தில் 'தரை இருட்டாக, பளபளப்பாக இருக்கிறது' என்று வந்திருந்தது. எனக்கு அது பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

4. படம் எங்கிருந்து வந்தது, உண்மையானதா என்று பாருங்கள்

கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டால் அது வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். எந்த நாட்டு வீடு, குடியிருக்கும் வீடா, கடை விளம்பரமா, கணினியில் வரைந்ததா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய அறைகளும் நிறையக் கலந்து வருகின்றன. அவற்றில் படிக்கட்டு சுவரில் போய் முட்டும், நாற்காலிக்கு ஒரு கால் குறையும், தரை ஓட்டின் கோலம் ஓரத்தில் கலைந்துவிடும், இரண்டு திசையில் நிழல் விழும். அந்த மாதிரிப் படத்திலிருந்து நிறத்தை எடுத்துக்கொள்ளலாம். அதைக் காட்டி ஆசாரியிடம் பொருள் செய்யச் சொன்னால் அவரும் திண்டாடுவார், நாமும் திண்டாடுவோம்.

அளவு இன்னொரு விஷயம். உங்கள் போனில் 0.5 என்றிருக்கும் அகல லென்ஸை வைத்து, அறை மூலையில் நின்று நெஞ்சு உயரத்தில் ஒரு படம் எடுங்கள். பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் போலத் தெரியும். வீட்டுப் படங்களில் பல இப்படி எடுத்தவைதான். உண்மை அளவைக் கண்டுபிடிக்க, படத்தில் தெரிந்த அளவுள்ள ஒரு பொருளைத் தேடுங்கள். கதவு பொதுவாக ஏழு அடி உயரம். நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஒன்றரை அடி. சாப்பாட்டு மேசை இரண்டரை அடி. பெரிய தரை ஓடு பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு. ஓடுகளை எண்ணினாலே சோபா ஏழடியா ஒன்பதடியா என்று தெரிந்துவிடும்.

பிறகு உங்கள் அறைத் தரையில் அந்த அளவுக்குப் பழைய செய்தித்தாளை விரித்து ஒட்டி, இரண்டு நாள் அதைச் சுற்றி நடமாடுங்கள். நடக்க இரண்டரை, மூன்று அடி வழி மிஞ்சவில்லை என்றால் அந்தச் சோபா நம் வீட்டுக்கு வேண்டாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

5. நம் ஊர் மழையில் சலித்துப் பாருங்கள்

தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. நமக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் நன்றாகப் பெய்யும், அக்டோபரில் வடகிழக்கும் பெய்யும். வருஷத்தில் பாதி நாள் காற்றில் ஈரம். மாவட்டம் சின்னதுதான், ஆனாலும் ஊருக்கு ஊர் பாடு வேறு.

குளச்சல், மண்டைக்காடு, முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உப்பு. இரும்பு எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் வெல்டிங் வைத்த இடத்தில் தொடங்கி அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் வித்தியாசம் உண்டு. வழக்கமாகக் கிடைக்கும் 304 ரகம் கடற்காற்றில் பழுப்புப் புள்ளி விழும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்பைத் தாங்கும், விலை கூடுதல். வெளியே வைக்கும் கொக்கி, கைப்பிடி, ஸ்க்ரூ இவற்றுக்காவது 316 கேட்டு வாங்குங்கள். பித்தளை சீக்கிரம் கறுக்கும், துலக்க மனமிருந்தால் வைக்கலாம்.

தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் எங்களுக்கு உப்பு இல்லை. ஈரமும் சிதலும்தான் (கறையான்). ரப்பர் தோட்டத்துக்கும் வாழைக்கும் நடுவே இருக்கும் வீட்டில் எம்.டி.எஃப். பலகை தண்ணீர் பட்டால் ஊதும், பிறகு பழைய நிலைக்கு வராது. பிளைவுட் வாங்கினால் மேலே அச்சடித்திருக்கும் ஐ.எஸ். எண்ணை (இந்தியத் தர எண்) பாருங்கள். 303-ல் பி.டபிள்யூ.ஆர். என்று குறித்தது ஓரளவு ஈரம் தாங்கும். 710 என்பது மரைன் பிளை, சமையலறைக்கும் குளியலறைப் பக்கத்துச் சுவருக்கும் அதுதான். ரப்பர் மரச் சாமான் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மருந்தேற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் பூசணமும் வண்டும் சீக்கிரம் ஏறும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரற்கடை விட்டு வைத்தால் பின்பக்கம் பூசணம் பிடிப்பது குறையும்.

வால்பேப்பர் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். படத்தில் மிக அழகாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் வெளிச்சுவர் வழியாக ஈரம் இறங்குகிற வீட்டில் பசை விட்டுவிடும், பின்னால் கறுப்புப் பூசணம் படரும். முதலில் வெளிப்பக்கம் கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு மாசி, பங்குனியில் உள்ளே பெயிண்ட் அடியுங்கள். பூ வேலை வேண்டுமென்றால் ஸ்டென்சில் வைத்துப் பெயிண்டிலேயே செய்யலாம்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கதை வேறு. கணவாய்க் காற்று சும்மா விடாது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான். திறந்த அலமாரி படத்தில் எவ்வளவு பிடித்தாலும், அங்கே தினமும் தூசி தட்ட வேண்டியிருக்கும். கண்ணாடிக் கதவு போட்டுக்கொள்ளுங்கள்.

6. படத்தில் பிடித்ததை நம் ஊர்ப் பொருளில் தேடுங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது. உங்கள் போர்டைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். திங்கள்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போகலாம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம், இப்போது பராமரிப்பது கேரள அரசு. பள்ளியில் சுற்றுலா போனபோது ராஜா கட்டிலைத்தான் பார்த்திருப்போம். இப்போது வீடு அமைக்கிற கண்ணோடு பாருங்கள். இருட்டாக, பளபளப்பாக இருக்கும் தரை என்று நான் எட்டுத் தடவை எழுதினேனே, அது எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெழுகியதாகச் சொல்லும் அந்தத் தரையில் ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் விழுவது போல விழுகிறது. ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் மரச்சட்டங்களுக்கு இடையே வண்ண மைக்காத் தகடுகள் வழியாக வரும் வெளிச்சத்தைப் பாருங்கள். வெயில் சுடாமல், நிறம் மட்டும் உள்ளே வருகிறது. தாழ்ந்து இறங்கிய ஓட்டுக்கூரை மழைச்சாரலைச் சுவரில் படவிடாமல் தடுக்கிறது. சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரையில் வரிசையாக இருக்கும் பெரிய சாடிகளைப் பாருங்கள். ஒரே மாதிரிப் பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலே அழகு என்பது அங்கே புரிந்துவிடும்.

அந்தத் தரையை இன்று அப்படியே செய்ய முடியாது. ஆனால் சிமென்டில் நிறப்பொடி சேர்த்து மெழுகும் கறுப்பு அல்லது சிவப்பு ஆக்சைடு தரை போடத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். முழு வீட்டுக்கும் வேண்டாம், திண்ணைக்கோ ஒரு அறைக்கோ போடலாம். அவர் முன்பு போட்ட தரையை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நன்றாகத் தண்ணீர் காட்டி ஆறவிடாவிட்டால் வெடிப்பு விழும்.

படங்களில் வரும் சொரசொரப்பான மண்சாடிகளுக்கு இணையத்தில் பெரிய விலை சொல்கிறார்கள். சுங்கான்கடையில் மண்பாண்டம் செய்பவர்களிடம் நேரில் போனால் பானை, சட்டி, தொட்டி எல்லாம் உண்டு, வேண்டிய உயரம் சொன்னால் செய்தும் தருவார்கள். மூன்று பானையை உயரம் மாற்றி ஒரு மூலையில் வைத்தால் போதும். கல்லில் ஏதாவது வேண்டுமென்றால் மயிலாடி. சிலை மட்டும்தான் அங்கே என்று நினைக்க வேண்டாம். பூ மிதக்கவிடும் கல்தொட்டி ஒன்று சொல்லிச் செய்யலாம். அதை விட வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி வாசலில் வையுங்கள், மூன்று நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றினால் கொசு வராது.

மரத்துக்கு அயனி. தேக்கு அளவுக்கு விலை இல்லை, நம் மழையில் பழகிய மரம். நிறம் முதலில் மஞ்சளாக இருந்து, வருஷம் போகப் போகப் பழுப்பாக மாறும், அதை மனதில் வைத்துச் சுவர் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். போஹோ பாணிப் படங்களில் சுவரில் மாட்டும் வட்டக் கூடைகளுக்குப் பதில் நம் சுளவும் ஓலைப்பெட்டியும் இருக்கின்றன. ஆனால் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை வெயிலில் போட்டு எடுக்க வேண்டும். ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை வேண்டாம், ஈரம் குடித்து நாறும். அம்மையின் கரை வைத்த பழைய நேரியலை (மெல்லிய பருத்தி மேல்துணி) ஒரு கம்பியில் மாட்டிப் பாருங்கள். சீக்கிரம் காயும், காற்றில் பறக்கும், வெளிச்சத்தை மெதுவாக விடும்.

நிறம் எது என்று குழம்பினால் விடியற்காலை தோவாளைப் பூச்சந்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே கட்டும் மாணிக்க மாலையில் சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலைப் பச்சை என்று மூன்றே நிறம். வெள்ளை அதிகம், பச்சை கொஞ்சம், சிவப்பு ஒரு கீற்று என்று என் வரவேற்பறைக்கு நான் எடுத்த கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

7. விளக்கை மாற்றிவிட்டுப் பெயிண்ட் பாருங்கள்

இரவில் எடுத்த அறைப் படங்களின் இதமான மஞ்சளுக்குப் பெரும்பாலும் பல்பே காரணம். நம் வீடுகளில் வழக்கமாகப் போடுவது 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் (கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும்). அதை 2700 அல்லது 3000 கெல்வினுக்கு மாற்றிப் பாருங்கள், பெட்டியில் 'வார்ம் ஒயிட்' என்று போட்டிருக்கும். படிக்கும் மேசைக்கும் சமையல் மேடைக்கும் 4000 நல்லது. நடுவில் ஒரே டியூப் லைட்டுக்குப் பதிலாக இரண்டு மூன்று இடத்தில் தாழ்வாக விளக்கு வைத்தால் அதே அறை வேறு அறையாகும். பலருக்கு இதோடேயே திருப்தி வந்துவிடும், வேறு எதுவும் வாங்கத் தேவைப்படாது.

பெயிண்டைப் போன் திரையில் பார்த்து ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா வாங்கி, சுவரில் இரண்டுக்கு இரண்டு அடி பூசி, மூன்று நாள் காலையிலும் இரவிலும் பாருங்கள். புது பல்பின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பதால்தான் விளக்கை முதலில் சொன்னேன்.

8. ஆசாரியிடம் படத்தை எப்படிக் காட்டுவது

போனை நீட்டி "இது மாதிரி வேணும்" என்று சொன்னால், அவர் ஒன்றை நினைப்பார், நாம் ஒன்றை நினைப்போம். படத்தைப் பிரிண்ட் எடுத்து, அதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பேனாவால் வட்டம் போடுங்கள். பக்கத்தில் உங்கள் கணக்கு நோட்டு வரைபடத்தையும் அளவோடு வையுங்கள். மரம், தடிமன், பாலிஷ், ஸ்க்ரூ வகை, கூலி, எந்தத் தேதிக்குள் என்று எல்லாம் ஒரே தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவர் சொல்வதைக் கேளுங்கள். "அண்ணாச்சி, நம்ம வீட்டுக்கு இது தாங்குமா?" என்று கேட்டபோதுதான், என் அலமாரிக்குக் கீழே நாலு அங்குலக் கால் வைத்தால் தரை துடைக்கிற தண்ணீர் படாது என்று எங்கள் ஆசாரி சொன்னார். நான் பார்த்த எந்தப் படத்திலும் அது இல்லை.

9. ஒரு மூலையில் தொடங்குங்கள்

முழு வீட்டையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். தினமும் நீங்கள் உட்காரும் ஒரு மூலையை எடுத்து முடித்துவிட்டு, ஒரு மழைக்காலம் காத்திருங்கள். எது கறுத்தது, எது ஊதியது, எங்கே பூசணம் வந்தது என்று பாருங்கள். தாங்கிய பொருளையே அடுத்த அறைக்கு எடுங்கள்.

முடித்த மூலையைப் படம் எடுத்து நீங்களும் பகிருங்கள், நம் பக்கத்து வீடுகளின் படங்கள் இணையத்தில் கூட வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டு எண், பிள்ளைகளின் முகம், சாவி தொங்கும் இடம் மட்டும் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஊர், எந்த மரம், எத்தனை மழை பார்த்தது என்று கீழே எழுதினால் அடுத்தவருக்கு உதவும்.

மைனி அந்தக் கம்பி அலமாரியைக் கழற்றிவிட்டார். அதே சுவரில், கண் உயரத்தில், 316 ஸ்க்ரூ போட்டு அயனிப் பலகை இரண்டு மாட்டி, சுங்கான்கடைத் தொட்டியில் மணிபிளாண்ட் வைத்திருக்கிறார். ஐப்பசி மழை முடிந்த அன்று காலை எனக்கு ஒரு படம் அனுப்பினார். இலை நிழல் சுவரில் விழுந்திருந்தது, பலகைக்குக் கீழே சுவர் வெள்ளையாகவே இருந்தது.